ஒரு மடையைப் பார்த்து நாலு வயலுக்குப் பாய்ச்சுவது

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் நம் குமரி மாவட்டத்துக்கு வந்த ஒவ்வொரு 14 அங்குலப் பெட்டிக்குள்ளும் ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது சுவிட்ச் முறை பவர் சப்ளை, இருந்தது. படக்குழாயை ஓட்டும் லைன் பகுதிக்குச் சுமார் 110 வோல்ட், ஒலிக்குப் பன்னிரண்டு பதினைந்து வோல்ட், ரிமோட்டுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் சில்லுக்கு 5 வோல்ட். எல்லாம் ஒரே சாப்பர் டிரான்ஸ்பார்மரிலிருந்து. விளவங்கோட்டிலிருந்து அகஸ்தீஸ்வரம் வரை மெக்கானிக் கடைகளுக்கு அது வேலைக்குப் பஞ்சமில்லாத காலம். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பரணுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விட்டன. அப்போது கடைகளில் வேரூன்றிய நம்பிக்கைகள் மட்டும் போகவில்லை. செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, படகு வயர்லெஸ், டிப்ளமோ மாணவர்களின் கடைசி வருட புராஜெக்ட் என்று கை மாறிக்கொண்டே இருக்கின்றன. முழுப் பொய்யென்றால் ஒதுக்கிவிடலாம். இவற்றில் பல பாதி உண்மை என்பதுதான் தொல்லை.

"லேபிளில் 5, 12, மைனஸ் 12 என்று மூன்று இருந்தால் மூன்றும் ரெகுலேட் ஆனவை."

பெரும்பாலும் ஒன்றுதான். டிஎல்431 என்று ஒரு மூன்று கால் சில்லு உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1977இல் கொண்டுவந்தது; இன்றைக்கும் பல பவர் சப்ளைகளைப் பிரித்தால் உள்ளே அதுவோ அதன் வாரிசோ இருக்கும். அது 5 வோல்ட் வெளியீட்டை மட்டும் தன்னிடமுள்ள 2.5 வோல்ட் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கூடினாலும் குறைந்தாலும் ஆப்டோகப்ளர் வழியாக மெயின்ஸ் பக்கத்துக்குச் சேதி போகும். அங்கே மாஸ்பெட் சுவிட்ச் எவ்வளவு நேரம் ஆனில் இருக்க வேண்டும் என்பது மாறும். 12 வோல்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அனந்தனாறு கால்வாயில் ஒரே ஒரு மடையில் அளவுகோலை நட்டு, அங்கே தண்ணீர் தாழும்போதெல்லாம் தலைப்பில் ஷட்டரைத் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயல்காரருக்குக் குறையில்லை. பக்கத்து வயலில் வரப்பு உடையும்.

5 வோல்ட்டில் சுமை ஏறினால் சுவிட்ச் அதிக நேரம் ஆனில் நிற்கும். சும்மா கிடக்கும் 12 வோல்ட் வெளியீடு 13, 14 என்று ஏறும். மறுபக்கம், 12இல் மோட்டாரோ ஸ்பீக்கரோ இழுக்கும்போது 5 அமைதியாக இருந்தால் சுற்றுக்கு ஒன்றும் தெரியாது. 12 தாழ்ந்துகொண்டே போகும்.

எல்லாச் சுருள்களும் ஒரே கோரில்தானே இருக்கின்றன, ஒரு சுற்றுக்கு இத்தனை வோல்ட் என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே என்று பாடப்புத்தகம் படித்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சுருளின் காந்தப்புலம் முழுவதும் அடுத்த சுருளைத் தொடுவதில்லை. கொஞ்சம் வெளியே கசியும், அந்தக் கசிவு ஒவ்வொரு சுருளுக்கும் வேறு. கம்பியின் தடை வேறு. டயோடில் இழக்கும் வோல்ட்டும் வேறு, அதுவும் மின்னோட்டத்தோடு மாறும். இவை சேர்ந்து ஐந்து முதல் பத்து சதவீதம் வரை பிசகு வருவது சாதாரணம்.

இதற்கும் முந்தின சிக்கல் ஒன்று இருக்கிறது, எண்ணிக்கைச் சிக்கல். 5 வோல்ட் சுருளில் ஷாட்கி டயோடுக்கு அரை வோல்ட் சேர்த்து 5.5 வேண்டும். 12 வோல்ட் சுருளில் வேக டயோடுக்கு 0.8 சேர்த்து 12.8 வேண்டும். 5க்கு 4 சுற்று போட்டால் சுற்றுக்கு 1.375 வோல்ட். 12.8 கிடைக்க 9.3 சுற்று வேண்டும், ஆனால் 0.3 சுற்று என்று ஒன்றைச் சுற்ற முடியாது. 9 போட்டால் வெளியீடு 11.6, 10 போட்டால் 12.95. இனி 5க்கு 3 சுற்று போட்டுப் பாருங்கள். சுற்றுக்கு 1.83 வோல்ட்; 7 சுற்றுக்கு 12.8, டயோடு போக 12.0. மூன்றுக்கு ஏழு என்ற ஜோடியைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். அந்தச் சாயங்காலத்தைச் செலவழிக்காதவர் பிறகு ரெசிஸ்டரை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் அலைவார்.

கசிவுக்கு வழி என்ன? முதல் வேலை சுற்றும் விதத்தில். முதன்மைச் சுருளில் பாதியைச் சுற்றி, மேலே 5, 12 இரண்டையும் நெருக்கமாகச் சுற்றி, அதற்கும் மேலே முதன்மையின் மறு பாதி. கசிவு கணிசமாகக் குறையும், காசும் கூடாது. இரண்டாவது, 12ஐத் தனியாக எழுப்பாமல் 5இன் தலைமேல் 7 வோல்ட்டை ஏற்றி வைப்பது. 5 ஏற்கெனவே காவலில் இருக்கிறது, பிசகு மேலே இருக்கும் 7இல் மட்டும்தான். எட்டு சதவீதப் பிசகு முழுப் பன்னிரண்டில் வந்தால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட். ஏழில் வந்தால் அரை வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, டிஎல்431க்கு இரண்டு வெளியீடுகளையும் காட்டுவது. அதன் அளவு பார்க்கும் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கீழ் ரெசிஸ்டர் 2.5 கிலோ ஓம் என்றால் அதில் 1 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 0.7ஐ 5 வோல்ட்டிலிருந்து 3.57 கிலோ ஓம் வழியாகவும், மீதி 0.3ஐ 12 வோல்ட்டிலிருந்து சுமார் 32 கிலோ ஓம் வழியாகவும் கொடுக்கலாம். இப்போது இரண்டுமே கச்சிதமாக நிற்காது, ஆனால் இரண்டுமே வரம்புக்குள் நிற்கும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. எல்லாம் துல்லியமாக வேண்டும் என்பவர் ஒவ்வொரு வெளியீட்டிலும் தனி ரெகுலேட்டர் வைக்கட்டும். 15 வோல்ட்டை 7812 வழியாக 12 ஆக்கினால் ஒரு ஆம்பியருக்கு 3 வாட் சூடு, அதற்கொரு ஹீட் சிங்க். மைனஸ் 12 மாதிரி 0.2 ஆம்பியர் கேட்கும் வெளியீட்டுக்கு அது சரி, நானும் அதைத்தான் சொல்வேன். பெரிய வெளியீட்டுக்கு அது சோம்பேறித்தனம்.

"லோடைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் சரியான வோல்டேஜ் தெரியும்."

"பன்னெண்டு பதினாறா நிக்கி, பாத்துக்கிடும். ஐசி போச்சுவே" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. சுமையில்லாத சுருளில் ஒவ்வொரு முறை சுவிட்ச் அணையும்போதும் எழும் கூர்மையான துள்ளலைக் கண்டன்சர் பிடித்து வைத்துக்கொள்ளும். இழுக்க ஆளில்லை, அதனால் வோல்ட்டேஜ் அங்கேயே நிற்கும். போர்டில் கோளாறு ஒன்றுமில்லை. அதனால்தான் விவரமான வடிவமைப்பாளர் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு சிறு ரெசிஸ்டரை நிரந்தரச் சுமையாக வைக்கிறார். "இது எதுக்கு வெட்டியாச் சூடாகுது" என்று அதைக் கழற்றி எறிந்த போர்டுகள் உண்டு.

பழைய டிவி மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, 110 வோல்ட் பி பிளஸில் 60 வாட் குண்டு பல்பை மாட்டிப் பார்ப்பார்கள். மெயின்ஸ் பக்கத்தில் இன்னொரு பல்பு சீரிஸில் இருக்கும். ஒன்று சுமை, மற்றது காவல். கல்லூரி ஆய்வகத்தில் எலக்ட்ரானிக் லோடு கருவி செய்யும் வேலையைக் கடையில் அந்தப் பல்பு செய்தது. கையிருப்பில் குண்டு பல்பு தீர்ந்ததும் எல்இடி பல்பை மாட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பயனில்லை. உள்ளே அதற்கென்று சொந்தச் சுற்று இருக்கிறது, பெரும்பாலும் அதுவே ஒரு எஸ்எம்பிஎஸ்.

"கோரின் நடுவில் இடைவெளி தெரிந்தால் டிரான்ஸ்பார்மர் பழுது. இறுக்கி ஒட்ட வேண்டும்."

கேட்க நியாயமாக இருக்கும், மாஸ்பெட் வெடிக்கும். இரும்புத் தகடு போட்ட பழைய 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மரில் இடைவெளி இருந்தால் அது உறுமும், சூடாகும்; அங்கே இந்த அறிவு சரி. இந்த எஸ்எம்பிஎஸ்கள் சேர்ந்த ஃபிளைபேக் வகையில் உள்ளே இருப்பதை டிரான்ஸ்பார்மர் என்று சொன்னாலும் அது பார்ப்பது வேறு வேலை. சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஆற்றலைச் சேமித்து, அணைந்ததும் மறுபக்கத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஆற்றலின் பெரும்பங்கு ஃபெரைட்டில் தங்குவதில்லை, காற்று இடைவெளியில்தான் தங்குகிறது.

5 வோல்ட் 2 ஆம்பியர், 12 வோல்ட் 1 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட் 0.2 ஆம்பியர்: மொத்தம் 24.4 வாட். எண்பது சதவீதத் திறன் என்றால் உள்ளே போக வேண்டியது முப்பது வாட்டுக்குக் கொஞ்சம் மேல். விநாடிக்கு 65,000 முறை சுவிட்ச் போட்டால் ஒவ்வொரு முறையும் சேமிக்க வேண்டியது சுமார் 0.47 மில்லி ஜூல். கைக்கு அடக்கமான ஈஈ25 அளவுக் கோரில் இதைச் சேமிக்க இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அதை மூடிவிட்டால் கோர் நிறைந்துபோகும். மின்னோட்டத்தைத் தடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது, பிறகு சத்தம்தான் கேட்கும். மறுபடி சுற்றக் கழற்றும்போது கீழே விழும், இடைவெளிக்காக வைத்த அந்த மெல்லிய காகிதத் துண்டு குப்பையில்லை, பத்திரமாக எடுத்து வையுங்கள்.

புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐசியின் டேட்டாஷீட்டில் வரும் சுற்றுப் படம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை வரைந்து சிமுலேஷனில் ஓட்டுவது வேலையில் கால்வாசிகூட இல்லை. எந்தக் கோர், எத்தனை சுற்று, எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி என்ற கேள்விகளுக்கு விடை இல்லாத ரிப்போர்ட்டில் வடிவமைப்பு நடக்கவில்லை.

"கையில் தூக்கினால் கனம் இருக்க வேண்டும். லேசாக இருப்பதெல்லாம் டூப்ளிகேட்."

50 ஹெர்ட்ஸில் ஓடுவதற்குக் கிலோ கணக்கில் இரும்பு வேண்டும். 65 கிலோஹெர்ட்ஸில் தீப்பெட்டி அளவு ஃபெரைட் போதும். லேசாக இருப்பதுதான் இந்த வகையின் இயல்பு. அதுவும் புதுசு இல்லை. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த பவர் சப்ளை +5, +12, −5, −12 என்று நான்கு வெளியீடுகள் கொண்ட ஃபிளைபேக்தான். அந்த நுட்பமே அங்கேதான் பிறந்தது என்ற கதையும் ஒரு கட்டுக்கதை. 1960களிலேயே விண்கலங்களிலும் பெரிய கணினிகளிலும் அது இருந்தது.

ஆனால் கனம் பார்ப்பவர்களை முழுதாகத் தள்ளவும் முடியாது. மலிவுச் சரக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டர் சோக் இருக்க வேண்டிய துளைகளில் ஒரு கம்பித் துண்டு பாலம் போட்டிருக்கும். அந்தச் சோக்கின் எடைதான் குறைந்தது. மீடியம் வேவ் ரேடியோவை அருகில் வைத்தால் அந்தச் சரக்கு கத்துவது கேட்கும். 65 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கே இதில் ஒரு காரணம் உண்டு. கம்பி வழியாகப் போகும் இரைச்சலுக்கான சர்வதேச வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 65இன் இரட்டிப்பு 130, அதுவும் வரம்புக்குக் கீழே தப்பிவிடுகிறது.

"1000 மைக்ரோ ஃபாரட் உப்பிப்போனால் 2200 போடு, இன்னும் நல்லா ஓடும்."

இங்கே மைக்ரோ ஃபாரட் இரண்டாம்பட்சம். கண்டன்சருக்குள் இருக்கும் தடைதான் முதல். ஒவ்வொரு துடிப்பிலும் பாயும் மின்னோட்டம் அந்தத் தடையில் சூடாக மாறுகிறது. சாதாரண 2200 அடுத்த மழைக்காலத்துக்குள் உப்பும். தடை குறைந்த வகையில் அதே 1000 மைக்ரோ ஃபாரட் பல வருடம் நிற்கும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கண்டன்சரின் ஆயுள் பத்து டிகிரி குறையக் குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி நேரம், இரவு பகல் ஓடினால் மூன்றரை வருடத்துக்கு மேல். ஹீட் சிங்கை ஒட்டி அதை நட்டுவைக்கும் போர்டை என்ன சொல்ல?

"பாடியைத் தொட்டால் சுள்ளென்கிறது, டெஸ்டர் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது."

இரண்டு முள் பிளக் போட்ட செட்டாப் பாக்ஸின் கேபிளைப் பிடித்தவருக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு. மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையில் இரைச்சலை அடக்க வேண்டுமென்றே ஒரு நீலக் கண்டன்சர் வைத்திருப்பார்கள். 2.2 நானோ ஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர். கை உணரும், ஆளைக் கொல்லாது. அது ஒய் வகை என்று முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். பழுதானாலும் ஷார்ட் ஆகிவிடாத விதத்தில் செய்யப்பட்டது அந்த வகை. அந்த இடத்தில் கடையில் கிடைத்த சாதாரண 1 கிலோவோல்ட் டிஸ்கை ஒட்டிவைப்பவர் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறார். இதில் எனக்குச் சமரசமே இல்லை. மூன்று முள் பிளக் உள்ள சாதனத்தில் சுள்ளென்றால் சங்கதி வேறு: வீட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மெக்கானிக்கை அல்ல.

"24 வோல்ட் படகில் 12 வேண்டுமென்றால் ஒரு பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்."

தொடர்ச்சியாகக் கட்டிய இரண்டு பேட்டரிகளில் கீழேயுள்ளதிலிருந்து மட்டும் வயர்லெஸ்ஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் எடுத்தால் அது மட்டும் இறங்கும். சார்ஜர் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை. கீழுள்ளது நிறையாமலே இருக்கும். மேலுள்ளது கொதித்துத் தண்ணீர் வற்றும். தூத்தூர்க்காரர்கள் மாதிரி ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கு வயர்லெஸ் சாவது சின்ன விஷயமில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கரைக்கும் படகுக்கும் இடையில் தொடர்பு இல்லாமல் போனதன் விலை என்ன என்பதை இந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தேவை 18 முதல் 36 வோல்ட் வரை உள்வாங்கும் டிசி டிசி கன்வெர்ட்டர். வாங்கியதும் போர்டுக்கு வார்னிஷ் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்றின் ஈரம் போர்டில் படிந்து மின்சாரம் ஊர்ந்து போக வழி செய்யும். மெயின்ஸில் ஓடும் சாதனத்தில் 325 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் விடுவதும், ஆப்டோகப்ளரின் அடியில் போர்டையே அறுத்து நீளமாக ஒரு பள்ளம் போடுவதும் இதற்காகத்தான். முட்டத்திலும் குளச்சலிலும் கடலைப் பார்த்த வீட்டுக்குள் இருக்கும் டிவிக்கும் இது பொருந்தும்.

"90 முதல் 270 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஸ்டெபிலைசரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்."

பாதி சரி. தாழ்வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம்தான். 230 வோல்ட்டின் உச்சம் 325. 270இன் உச்சம் 382. உள்ளே இருக்கும் 400 வோல்ட் மெயின் கண்டன்சர் மயிரிழையில் தாங்கிவிடும். நம் ஊரில் பவர் சப்ளையைக் கொல்வது 270 அல்ல. தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுவதுதான்.

மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போய்விட்டால், ஒரு ஃபேஸில் இருக்கும் வீடும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் வீடும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒருவர் வீட்டில் ஹீட்டரும் கிரைண்டரும் ஓடி, அடுத்தவர் வீட்டில் ரவுட்டரும் டிவியும் மட்டும் இருந்தால், 400இல் பெரும்பகுதி ரவுட்டர் வீட்டின் தலையில் விழும். 400இன் உச்சம் 566. 400 வோல்ட் கண்டன்சர் வெடிக்கும், 450 வோல்ட் கண்டன்சரும் வெடிக்கும். பச்சை நிற வாரிஸ்டர் காப்பாற்றாதா என்பார்கள். அது இடி மின்னலில் வரும் மைக்ரோ விநாடித் துள்ளலுக்கு. நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டில் தானே கருகும். நல்ல வடிவமைப்பென்றால் கருகுவதற்குள் முன்னால் இருக்கும் ஃபியூஸை எரித்துவிட்டுப் போகும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் போர்டே எரியும்.

வீட்டுக்கு, மீட்டர் போர்டில் 270 தாண்டினால் அறுத்துவிடும் கட் ஆஃப் ஒன்று போதும். புதிதாக வடிவமைப்பவருக்கு, இரண்டு 400 வோல்ட் கண்டன்சர்களைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சம மதிப்பு ரெசிஸ்டரைக் கொடுப்பது பழைய வழி. 800 வரை தாங்கும். சுவிட்சும் அதற்கேற்ற வோல்ட்டேஜுக்கு இருக்க வேண்டும், விலை கொஞ்சம் கூடும். மின்வாரியங்கள் வாங்கும் எலக்ட்ரானிக் மீட்டர்களுக்கு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 440 வோல்ட் வந்தாலும் சில நிமிடம் தாங்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. நியூட்ரல் போன அன்று தெருவில் டிவி, ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் செத்துக் கிடக்க, சுவரில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான்.